இடம் மாறும் டி.என்.ஏ.வும் பாலூட்டிகளின் உடல்நலமும்

பாலக்கோட்டிலிருந்து உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மனித மரபணுத்தொகுதியில், அதாவது ஒரு செல்லிலுள்ள முழு டி.என்.ஏ.வில், ஏறக்குறைய பாதி, இடம் விட்டு இடம் மாறக்கூடிய டி.என்.ஏ.விலிருந்து வந்தது என்று பாடத்தில் படித்தாராம். அப்படியானால் உடல் அதை ஏன் வைத்திருக்கிறது, அதனால் நமக்கும் வீட்டில் கட்டியிருக்கும் மாடுகளுக்கும் நோய் வருமா, வருமென்றால் அதை வெட்டி எடுத்துவிட முடியாதா என்பவை அந்தக் கேள்விகள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நெடுங்காலமாகக் கால்நடை மருத்துவம் பார்த்து வருகிறேன். ஆகவே மாட்டையும் மனிதரையும் சேர்த்து வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான விடை இதுதான்: உடலுக்குப் பயன்படும் என்பதற்காக இந்தத் துண்டுகள் வந்து சேரவில்லை. தன்னைத்தானே நகலெடுத்து மரபணுத்தொகுதியின் வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும் திறன் ஒரு டி.என்.ஏ. துண்டுக்கு இருந்துவிட்டால், அதைச் சுமக்கும் உயிரை அது உடனே கொன்றுவிடாத வரையில், தலைமுறை தலைமுறையாகத் தங்கிப் பெருகுவதற்கு அதுவே போதும். நம் பக்கத்து ஏரிகளில் சீமைக் கருவேலம் தன் பாட்டுக்குப் பரவியது. பிறகு நாம் அதை விறகுக்கும் கரிக்கும் வெட்டிப் பயன்படுத்தினோம். அதற்காக அது நமக்காகவே முளைத்தது என்று யாரும் சொல்வதில்லை. இந்த டி.என்.ஏ.வின் கதையிலும் பரவல் முந்தியது, பயன் பிந்தியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரே வகைத் துண்டு ஓரிடத்தில் உயிரைக் காப்பதும் இன்னோரிடத்தில் நோயைத் தருவதும் முரணாகத் தோன்றாது.

அளவைப் பார்ப்போம். மனித மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி கார இணைகளால், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகளால், ஆனது. புரதங்களை உருவாக்குவதற்கான குறிப்புகள் அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. 2001ஆம் ஆண்டில் அதன் முதல் வரைவு வெளியானபோது, ஏறத்தாழ 45 சதவீதம் இடம் மாறும் துண்டுகளும் அவற்றின் எச்சங்களும்தான் என்று தெரியவந்தது. எல்-1 எனப்படும் வகை மட்டும் சுமார் 5 லட்சம் பிரதிகளாக 17 சதவீதத்தை நிரப்பியிருக்கிறது. ஆலு எனப்படும் 300 எழுத்து நீளமுள்ள சிறிய வகை 10 லட்சம் பிரதிகளையும் தாண்டிவிட்டது. இன்னும் 8 சதவீதம், நம் மூதாதைகளின் விந்துச் செல்லிலோ கருமுட்டையிலோ நுழைந்து அங்கேயே தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களின் (தம் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதிச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகும் வைரஸ்களின்) எச்சம்.

எல்-1 எப்படிப் பெருகுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நோயும் பயனும் அந்த வழிமுறையிலிருந்துதான் கிளைக்கின்றன. முழுமையான எல்-1 சுமார் 6,000 எழுத்து நீளம் உடையது. செல் அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது; அந்த ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வந்து இரண்டு புரதங்களை உருவாக்குகிறது. அந்தப் புரதங்கள் தம்மைப் பெற்றெடுத்த ஆர்.என்.ஏ.வையே பற்றிக்கொண்டு மீண்டும் உட்கருவுக்குள் நுழைகின்றன. அவற்றுள் பெரிய புரதத்துக்கு இரண்டு வேலைகள் தெரியும். குரோமோசோமில் தைமின் எழுத்துகள் வரிசையாக இருக்கும் இடம் பார்த்து ஓர் இழையை வெட்டுவது முதல் வேலை. வெட்டுப்பட்ட அந்த முனையையே தொடக்கப் புள்ளியாக வைத்து, ஆர்.என்.ஏ.வைப் பார்த்துப் புதிய டி.என்.ஏ.வை எழுதிச் செருகுவது இரண்டாவது வேலை. எச்.ஐ.வி. வைரஸ் பயன்படுத்தும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியின் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். எழுதும் வேலை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுவதால், நம்மிடமுள்ள 5 லட்சம் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை தலைப்பகுதி இல்லாத முண்டங்கள். ஒருவரின் உடலில் இன்றும் நகலெடுக்கும் வலுவோடு இருப்பவை 80 முதல் 100 வரைதான். ஆலுவுக்குச் சொந்தமாகப் புரதம் எதுவுமே கிடையாது. எல்-1 தயாரித்த புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது 10 லட்சம் பிரதிகளாகப் பெருகியிருக்கிறது.

பழைய பிரதி பழைய இடத்திலேயே இருக்க, புதியது கூடுதலாகச் சேர்வதால் இந்த வகை பெருகிக்கொண்டே போகிறது. இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு வகையும் உண்டு. 1940களில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆராய்ந்து பார்பரா மெக்ளின்டாக் கண்டறிந்தது அந்த வகையைத்தான். அதற்கான நோபல் பரிசு 1983இல், அவருடைய 81ஆம் வயதில், கிடைத்தது. மனித மரபணுத்தொகுதியில் அவ்வகை 3 சதவீதம் அளவுக்கு எச்சமாக இருக்கிறது. நம் மரபுவழியில் அது ஓய்ந்து சுமார் 3.7 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வௌவால்களில் சில இனங்களில் மட்டும் அண்மைக் காலம் வரை அது இயங்கியிருக்கிறது.

இனி மாட்டுக்கு வருகிறேன். மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகிய அசைபோடும் விலங்குகளில், மனிதரிடம் இல்லாத போவ்-பி என்ற வகை பெருகிக் கிடக்கிறது. அதையும் அதன் வழிவந்த சிறு துண்டுகளையும் சேர்த்தால் மாட்டின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ கால் பங்கு வரை வரும். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடிக் காளையானாலும் உங்கள் வீட்டுக் கலப்பினப் பசுவானாலும் இதில் வேறுபாடு இல்லை. வியப்புக்குரியது என்னவென்றால், இதே துண்டு பாம்புகளிலும் பல்லி இனங்களிலும் இருக்கிறது. 1998இல் ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் விரியன் இனப் பாம்பின் நஞ்சு மரபணுவுக்குள் போவ்-பியைக் கண்டு, ஊர்வனவற்றுக்கும் அசைபோடும் விலங்குகளுக்கும் இடையே இது நேராகத் தாவியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2013இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் அடெல்சன் குழு பல விலங்குகளின் போவ்-பியை ஒப்பிட்டபோது, பல்லி இனங்களைக் கடிக்கும் உண்ணிகளிலும் அதே துண்டு இருந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழியை விட்டு, இனம் விட்டு இனம் பக்கவாட்டில் டி.என்.ஏ. கடந்திருக்கிறது என்பதற்கு விலங்குலகில் கிடைத்த தெளிவான சான்றுகளுள் இது ஒன்று. கொண்டுவந்தது உண்ணிதான் என்பது வலுவான அனுமானமே தவிர, கண்டு உறுதிசெய்த நிகழ்ச்சி அல்ல.

இதைக் கேட்டு, மாட்டின் காதுமடலிலும் மடிக்கு மேலும் ஒட்டியிருக்கும் உண்ணியால் புதிய டி.என்.ஏ. ஏறிவிடுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். அது பரம்பரையில் சேர வேண்டுமானால் விந்துச் செல்லிலோ கருமுட்டையிலோ நுழைய வேண்டும். அத்தகைய நிகழ்ச்சி கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒரு சில முறையே நடந்திருக்கிறது. உண்ணியால் உங்கள் மாட்டுக்கு இன்று வரக்கூடிய கேடு தைலீரியா, பபேசியா காய்ச்சல்கள். கலப்பின மாடுகளுக்கு அவை உயிரையே பறிக்கும். உண்ணியை ஒழிப்பதற்கு அந்தக் காரணமே தாராளமாகப் போதும்.

பயனுக்கு நான் முதலில் காட்டுவது நஞ்சுக்கொடி. பசு ஈன்ற பிறகு விழும் கொடியைப் பாருங்கள்: சவ்வின்மேல் கருஞ்சிவப்பான, பஞ்சுபோன்ற வட்டத் திட்டுகள் எண்பது, நூறு என்று ஒட்டியிருக்கும். கருப்பைச் சுவரின் மொட்டுகளோடு அவை பொருந்தியிருந்த இடங்களில், கன்றின் பக்கத்துச் செல்கள் தாயின் செல்களோடு உருகிச் சேர்ந்து ஒரே செல்லாக மாறுகின்றன. செல்லோடு செல்லை உருக்கிச் சேர்ப்பது சாதாரண வேலை அன்று. வைரஸ்களுக்கு அது கைவந்த கலை, ஏனென்றால் செல்லுக்குள் நுழைவதற்கே அவற்றின் உறைப்புரதம் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். பசுவில் இதைச் செய்யும் சின்சிட்டின்-ரம்1, ஃபெமாட்ரின்-1 ஆகிய இரண்டும் பழைய ரெட்ரோவைரஸ்களின் உறைப்புரதங்களே. மனிதரில் இதே வேலையைச் செய்யும் சின்சிட்டின்-1 வேறொரு ரெட்ரோவைரஸிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. எலியில் இருப்பது இன்னொன்று. பாரிஸ் அருகே தியரி ஹைட்மான் குழுவினர் எலியின் சின்சிட்டின்-ஏ மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, கருக்கள் கருப்பையிலேயே இறந்தன. மாடும் மனிதரும் எலியும் ஒரே தேவைக்கு வெவ்வேறு வைரஸ்களிடமிருந்து தனித்தனியாகக் கருவி எடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் மலைக்க வைத்தது இதுதான்.

மற்றப் பயன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணற்ற கிருமிகளுக்கு எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்களை நம் வெள்ளணுக்கள் உருவாக்க முடிவது, ராக்-1, ராக்-2 என்ற இரண்டு மரபணுக்கள் டி.என்.ஏ.வை வெட்டி மாற்றிக் கோப்பதால். அவ்விரண்டும் ஒரு பழைய டிரான்ஸ்போசானின், அதாவது இடம் பெயரும் துண்டின், வழித்தோன்றல்கள். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஆர்க் என்ற மூளை மரபணுவும் நகலெடுத்துப் பெருகும் வகைத் துண்டு ஒன்றிலிருந்து வந்ததே. நமக்கு வால் இல்லாததற்கும், டி.பி.எக்ஸ்.டி. என்ற மரபணுவுக்குள் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் செருகிக்கொண்ட ஓர் ஆலுத் துண்டு முக்கியக் காரணம் என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மாற்றத்தைச் செயற்கையாகப் பெற்ற எலிகளில் சிலவற்றுக்கு முதுகுத்தண்டு முழுமையாக மூடாத குறையும் வந்தது. பயனும் கேடும் ஒரே செருகலில் அடங்கியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இவ்வளவு துண்டுகள் இருந்தும் நாம் நலமாக இருப்பதற்கு, செல் அவற்றை அடக்கி வைத்திருப்பதே காரணம். டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டி வைப்பது ஒரு வழி. அக்குறி உள்ள இடம் படியெடுக்கப்படுவதில்லை. விந்துச் செல்கள் உருவாகும்போது பழைய குறிகள் அழிந்து புதியவை ஏறும் இடைவெளியில், பை-ஆர்.என்.ஏ. எனப்படும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் காவல் நிற்கின்றன. இந்தக் காவலுக்கு வேண்டிய புரதங்களை ஆண் எலிகளில் நீக்கினால் அவை மலடாகின்றன. அடக்குமுறை எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதற்கு அகூட்டி எலி சாட்சி. அதன் ரோமநிற மரபணுவுக்கு அருகில் செருகியிருக்கும் துண்டில் மெத்தில் குறி குறைவாக இருந்தால் எலி மஞ்சளாகவும் பருமனாகவும் வளரும். நிறைய இருந்தால் பழுப்பாக, மெலிந்து இருக்கும். சினை எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி-12, கோலின், பீட்டெய்ன் சேர்த்த தீனி கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள் கூடுதலாகப் பிறந்தன என்று 2003இல் வாட்டர்லாந்து, ஜிர்ட்டில் ஆகியோர் காட்டினர். இந்தச் சோதனையைக் காட்டி மனிதருக்குச் சத்து மாத்திரை விற்பவர்களை நம்ப வேண்டாம். கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஃபோலிக் அமில மாத்திரையின் நோக்கம் வேறு. குழந்தையின் தண்டுவடம் ஒழுங்காக மூடுவதற்கும் தாயின் இரத்தசோகையைத் தடுப்பதற்கும் உரிய அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

அடக்குமுறையைத் தாண்டி ஒரு துண்டு புதிதாகச் செருகிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1988இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெய்க் கசாசியன் குழு முதன்முதலில் மனிதரில் காட்டியது. இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகள் 240 பேரின் மரபணுவைப் பரிசோதித்ததில், ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு சிறுவர்களின் எட்டாம் உறைவுக்காரணி மரபணுவுக்குள் எல்-1 துண்டு குறுக்கே செருகியிருந்தது. பெற்றோரிடம் அந்தச் செருகல் இல்லை. பிறகு ஒரு சிறுவனின் தாயிடம் தேடியபோது, நகலை அனுப்பிய மூலப் பிரதி 22ஆம் குரோமோசோமில் முழு வலுவோடு இருந்தது. அதற்குப் பின் இவ்வாறு தோன்றும் நோய்கள் நூற்றுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. மனிதரில் புதிய செருகல் சில பத்துப் பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் நிகழ்ந்தாலும், பெரும்பாலானவை மரபணு இல்லாத இடத்தில் விழுவதால் தீங்கு செய்வதில்லை. எலிகளில் நிலைமை வேறு. அங்கே தானாகத் தோன்றும் மரபணுப் பிழைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இவற்றின் வேலை.

மாடுகளில் இதற்கு நேர் இணையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. சினை ஊசி போடும் ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஹோல்ஸ்டீன் இனத்தில் சில கன்றுகள் பிறந்த சில வாரங்களிலிருந்து தீராத கழிச்சலால் வற்றி, எந்த மருந்துக்கும் தேறாமல், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இறந்தன. இரத்தத்தில் கொழுப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. 2015, 2016ஆம் ஆண்டுகளில் காரணம் பிடிபட்டது: கொழுப்பைக் குடலிலிருந்து சுமந்து செல்லும் ஏ.பி.ஓ.பி. என்ற மரபணுவுக்குள் 1,300 எழுத்து நீளமுள்ள ரெட்ரோவைரஸ் எச்சம் செருகியிருந்தது. இந்தச் செருகலின் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனபோது, 1991இல் பிறந்த மாஃக்லின் ஸ்டார்ம் என்ற கனடா நாட்டுக் காளையில் போய் முடிந்தது. அதன் உறைவிந்து பல நாடுகளுக்குப் போயிருந்தது. ஒரு பிரதி மட்டும் உள்ள மாடு நன்றாகப் பால் கறக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே செருகல் வந்து சேரும் கன்றுக்குத்தான் ஆபத்து. இப்போது காளைகளை இதற்காகப் பரிசோதித்துப் பட்டியலிடுகிறார்கள். ஒரே காளையின் வாரிசுகளைத் திரும்பத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கன்றுகள் இருக்கின்றன.

இதே கணக்கு நம் வீடுகளுக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. அக்காள் மகளைக் கட்டும் வழக்கமும் மாமன், அத்தை பிள்ளைகளுக்குள் மணம் முடிக்கும் வழக்கமும் நம் இரு மாவட்டங்களிலும் இன்னும் இருக்கின்றன. தாய்மாமனை மணந்தவரின் குழந்தைக்கு, மூதாதை ஒருவரிடமிருந்த ஒரே பிரதி இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு, எந்த மரபணுவை எடுத்துக்கொண்டாலும் எட்டில் ஒன்று; மாமன், அத்தை பிள்ளைகள் மணந்தால் பதினாறில் ஒன்று. ஜப்பானில் ஒரே மூதாதையிடமிருந்து பரவிய செருகலால் வரும் ஃபுகுயாமா தசைச்சிதைவு நோய் இவ்வாறு இரு பிரதிகளும் கூடும்போதுதான் வெளிப்படுகிறது. உறவுக்குள் மணந்த எல்லோருக்கும் நோயுள்ள குழந்தை பிறக்கும் என்று இதற்குப் பொருளில்லை. பெரும்பாலானோர்க்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே காரணம் தெரியாமல் இறந்த, அல்லது வளர்ச்சி குன்றிய குழந்தை இருந்தால், அடுத்த திருமணத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அத்தகைய குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வழக்கமான மரபணுப் பரிசோதனைகள் புரதக் குறிப்புள்ள பகுதிகளைச் சிறு சிறு துண்டுகளாகப் படிப்பவை. அந்தப் பகுதிகளுக்கு வெளியே விழுந்த செருகலையும், ஒரே மாதிரியான லட்சக்கணக்கான பிரதிகளுக்கு நடுவே புதிதாக வந்த ஒன்றையும் அவை எளிதில் தவறவிடும். அமெரிக்காவில் பேட்டன் என்ற கொடிய மூளைநோய் வந்த ஒரு சிறுமிக்கு, வழக்கமான பரிசோதனை ஒரு பிரதியின் பிழையை மட்டும் காட்டியது. பாஸ்டனில் மருத்துவர் டிமத்தி யூ குழு முழு மரபணுத்தொகுதியையும் படித்த பிறகே, மற்றப் பிரதியில் எஸ்.வி.ஏ. என்ற இடம் மாறும் துண்டு செருகியிருப்பது தெரிந்தது. அந்தச் செருகலின் விளைவை மறைக்கும் மருந்தை அந்த ஒரே குழந்தைக்காக வடிவமைத்துக் கொடுத்தார்கள். வலிப்பு குறைந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். அவள் பிறகு இறந்துவிட்டாள் என்றாலும், ஒருவருக்கென்றே மருந்து செய்ய முடியும் என்ற வழி அங்கிருந்து திறந்தது. ஆகவே பரிசோதனை அறிக்கையில் குறை எதுவும் காணப்படவில்லை என்று வந்தால், எந்தப் பகுதிகளைப் படித்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்பது முறையான கேள்வியே.

புற்றுநோயிலும் முதுமையிலும் இவற்றுக்கு உள்ள பங்கைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் மெத்தில் குறிகள் உதிர்ந்து எல்-1 விழித்துக்கொள்கிறது. பெருங்குடல் புற்றுநோய் ஒன்றில் ஏ.பி.சி. என்ற காவல் மரபணுவை எல்-1 செருகலே கெடுத்திருந்தது என்பது 1992இலேயே தெரியும். முதிர்ந்த செல்களில் எல்-1 எழுதும் டி.என்.ஏ.வை உடல் வைரஸ் என்று எண்ணி அழற்சியைத் தூண்டுகிறது என்று 2019இல் எலிகளில் காட்டினார்கள், எச்.ஐ.வி.க்குத் தரப்படும் லாமிவுடின் அந்த எலிகளின் அழற்சியைக் குறைத்தது. மனிதரின் முதுமைக்கு இதை மருந்தாகச் சொல்லும் அளவுக்குச் சான்று வரவில்லை. அந்த மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

கடைசிக் கேள்வி, வெட்டி எடுக்க முடியுமா என்பது. பன்றியில் அதற்கு இணையான ஒன்றைச் செய்திருக்கிறார்கள். பன்றியின் உறுப்பை மனிதருக்குப் பொருத்தும்போது, அதன் மரபணுத்தொகுதியில் இன்னும் உயிர்ப்போடு இருக்கும் ரெட்ரோவைரஸ்கள் நோயாளிக்குத் தாவிவிடும் என்ற அச்சம் இருந்தது. 2015இல் பன்றிச் செல்களில் 62 பிரதிகளை, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையால் முடக்கினார்கள். 2017இல் எல்லாப் பிரதிகளும் முடக்கப்பட்ட பன்றிக்குட்டிகள் பிறந்தன. 2024 மார்ச் மாதத்தில் பாஸ்டனில் உயிருள்ள ஒருவருக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகத்தில் செய்திருந்த 69 மாற்றங்களுள் 59, இந்த வைரஸ் எச்சங்களை முடக்குவதற்கானவை. மனிதரின் 5 லட்சம் எல்-1 பிரதிகளிலும் 10 லட்சம் ஆலுவிலும் இதைச் செய்யப் போனால், ஒரே நேரத்தில் விழும் அத்தனை வெட்டுகளையும் செல்லால் ஒட்டவைக்க முடியாது, செல் இறந்துவிடும். அப்படியே ஒட்டவைக்க முடிந்தாலும், பல்லாயிரம் இடங்களில் அருகிலுள்ள மரபணுக்களை இயக்கும் விசையாக இத்துண்டுகளே இன்று வேலை செய்கின்றன. எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாக வேண்டும்.